38,400 பேர் வெட்டிய கிணறு

 

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள். கணக்கு வாத்தியாருக்கு வரலாறு எதற்கு என்று கேட்கிற மைத்துனர்கள் வழக்கம்போலக் கேட்கலாம். இது ஒரு பழைய கணக்கின் வரலாறு. எனக்கு ஒரு கடன் இருக்கிறது, அதையும் இங்கேயே தீர்த்துக்கொள்கிறேன்.

1993. ஒன்பதாம் வகுப்பு. எதிர் விகிதம் நடத்திக்கொண்டிருந்தேன். "10 ஆட்கள் ஒரு கிணற்றை 8 நாளில் வெட்டினால், 80 ஆட்கள் எத்தனை நாளில் வெட்டுவார்கள்?" உங்களில் பாதிப் பேருக்கு இந்தக் கணக்கு இன்னும் கனவில் வரும். விடை, ஒரு நாள். கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் நான்காவது பெஞ்சில் ஒருவன் எழுந்து நிற்கிறான்.

"சார், ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலைன்னா 480 நிமிஷம். அப்ப 38,400 பேரு வந்தா ஒரே நிமிஷத்துல வெட்டிரலாமா சார்? அவ்வளவு பேரும் கிணத்துக்குள்ள எங்க சார் நிப்பாங்க?"

வகுப்பே சிரித்துவிட்டது. எனக்குக் கோபம். கையை நீட்டச் சொல்லி இரண்டு அடி கொடுத்து, பீரியட் முடியும்வரை வெளியே நிற்க வைத்தேன். 80-ஐ 480-ஆல் மனத்துக்குள்ளேயே பெருக்கிச் சரியாகச் சொன்னானே என்பதுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை.

இந்தப் பொங்கலுக்கு, கரிநாளன்று, அவன் மனைவியோடும் மகளோடும் பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு வந்தான். தலையில் பாதி நரைத்திருந்தது. "என்னலே, எங்க வேலை பாக்க?" என்றேன். "பெங்களூர்ல சார்." "என்ன வேலை?" சிரித்தான். "என்னைய வெளிய நிக்க வச்சீங்கள்லா சார், அந்தக் கணக்குதான் சார். இன்னும் போட்டுக்கிட்டு இருக்கேன்."

அவன் மகள், "எந்தக் கணக்கு தாத்தா?" என்றாள். காப்பி கொண்டுவரச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அடுக்களைக்குள் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் அவன் எனக்குப் பாடம் நடத்தினான். நான் மூன்று மாதம் படித்தேன். புரிந்ததை எழுதுகிறேன்.

நீங்கள் வாட்ஸப்பில் அனுப்புகிற படமோ பேசுகிற பேச்சோ முழுசாகப் போவதில்லை. துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் மேலும் அனுப்புநர் விலாசம், பெறுநர் விலாசம் எழுதி அனுப்புகிறார்கள். அந்தத் துண்டுக்குப் பெயர் பாக்கெட். வழியில் ஒவ்வொரு சந்திப்பிலும் ஓர் இயந்திரம் அந்த விலாசத்தைப் படித்து, இது இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம் என்று பிரித்துத் தள்ளுகிறது. நம் ஜங்ஷனில் ரயில்வே தபால் பிரிப்பு நடக்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். ஆனால் இங்கே நொடிக்கு ஒரு கோடி, இரண்டு கோடி கடிதம். ஒரு மூளையால் ஆகாது. அதனால் ஒரே சில்லுக்குள் 8, 32, 64 என்று பல மூளைகளை வைக்கிறார்கள். கோர் என்று அதற்குப் பெயர். 64 கோர் வைத்தால் வேலை 64 மடங்கு வேகமாக நடக்குமா? நான் கரும்பலகையில் எழுதிய விடைப்படி நடக்க வேண்டும். நடப்பதில்லை. அவர்களை எப்படி நிற்க வைப்பது, வேலையை எப்படிப் பங்கிடுவது என்பதுதான் அவனுடைய உத்தியோகம்.

இதை நான் முதலில் நம் ஊர்த் தொலைபேசியிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் பூர்வீக ஊர் சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால் பாய்கிற ஊர் என்பது உறவினர்களுக்குத் தெரியும். எக்ஸ்சேஞ்சில் ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். நாம் கைப்பிடியைச் சுற்றினால் அவர் எடுப்பார், நம்பர் சொன்னால் கயிற்றைச் செருகுவார். ஒரு நேரத்தில் இரண்டு பேர் சுற்றினால் ஒருவர் காத்திருக்க வேண்டும். அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் ஊருக்கே காய்ச்சல்.

1984இல் மத்திய அரசு சி-டாட் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தது. சாம் பிட்ரோடா பெயர் எல்லோருக்கும் தெரியும். மீமாம்சி, பிட்கே என்று இன்னும் இரண்டு பேர் கூடவே இருந்தார்கள், அவர்களை யாரும் சொல்வதில்லை. 36 மாதம், 36 கோடி ரூபாய், இந்தியாவுக்கென்று ஓர் எண்முறை எக்ஸ்சேஞ்ச் என்பது வாக்குறுதி. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகள் வீட்டுக்கு ஒரு போன் இருந்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சமாகப் பேசுகிற ஊர்களுக்காகச் செய்தவை. நம்மிடம் போன் குறைவு, ஆனால் ஒரு போனில் தெருவே பேசும். அதில் அந்த இயந்திரங்கள் திணறின. போதாததற்கு அவற்றுக்கு ஏ.சி. வேண்டும். நம் கிராமத்தில் மின்விசிறிக்கே கரண்ட் கிடையாது.

128 முனை கொண்ட கிராம எக்ஸ்சேஞ்ச் 1986இல் கர்நாடகத்தில் கிட்டூரில் வேலை செய்யத் தொடங்கியது. ஏ.சி. தேவையில்லை. எங்கள் ஊருக்குத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது, ஓர் இரும்பு பீரோ அளவுதான் இருக்கும். என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளயா அந்தப் பிள்ளைய வச்சிருக்காங்க?" என்று கேட்டார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது பெரிய ஊர்களுக்கான சி-டாட் எக்ஸ்சேஞ்சின் அமைப்பு. ஒரே பெரிய மூளையை நடுவில் வைத்து எல்லா வேலையையும் அதன் தலையில் கட்டவில்லை. 512 முனைக்கு ஒரு தொகுதி, ஒவ்வொரு தொகுதிக்கும் தனி மூளை, அது படுத்தால் எழுந்து நிற்க இன்னொன்று. அந்தத் தொகுதிக்குள்ளும், போனை யார் எடுத்தார்கள், யார் வைத்தார்கள் என்று பார்க்கிற சில்லறை வேலைக்குத் தனிச் சின்ன மூளைகள். ஒரே தொகுதிக்குள் இருக்கிற இரண்டு பேர் பேசினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வேறு தொகுதிக்குப் பேசினால்தான் நடுவில் உள்ள பகுதிக்குப் போகும். ஊர் வளர்ந்தால் இன்னொரு தொகுதியைக் கொண்டுவந்து சேர்த்துக்கொள்ளலாம். பஞ்சாயத்தில் முடிகிற வழக்கை ஜில்லா கோர்ட்டுக்குக் கொண்டுபோகாதே என்பதுபோல. பல மூளைகளை வைத்துச் செய்தி கடத்துகிற கலையை நம் ஆட்கள் நம் பஸ் ஸ்டாண்டுகளுக்குப் பக்கத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்ற நமக்கு அது தெரியவில்லை.

பாக்கெட் உலகத்தில் இந்தக் கதை இன்னும் பழையது. இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் 1969 அக்டோபரில் பேச ஆரம்பித்தது. சந்திப்புக்கு ஒரு ஹனிவெல் கணினி, அதற்கு ஒரு மூளை. மூன்று நான்கு வருடத்திலேயே அதைச் செய்த பி.பி.என். நிறுவனத்துக்காரர்களுக்கு ஒரு மூளை போதாது என்று தெரிந்துவிட்டது. ஃபிராங்க் ஹார்ட் தலைமையில் ஒரு குழு, லாக்ஹீட் நிறுவனத்தின் சின்னக் கணினிகளைப் பத்துக்கும் மேல் ஒன்றாகக் கட்டிப் புளூரிபஸ் என்று ஓர் இயந்திரம் செய்தது. 1973இல் அதைப் பற்றிக் கட்டுரை வந்தது. 

அவர்கள் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. எந்த மூளைக்கும் குறிப்பிட்ட வேலை என்று கிடையாது. நடுவில் ஒரு கருவி, காத்திருக்கிற வேலைகளின் எண்களை அவசரத்தின் வரிசைப்படி வைத்திருக்கும். கை ஓய்ந்த மூளை வந்து, இருப்பதில் அவசரமானதை எடுத்துக்கொள்ளும். வேலைகளைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி வைத்ததால் யாரும் ஒன்றையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம். ஒரு மூளை கெட்டுப்போனால் மற்றவை அதை ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடரும். கல்யாண வீட்டுச் சமையல்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமைச் சமையல்காரர் எல்லோரையும் பெயர் சொல்லி ஏவுவதில்லை. தேங்காய் கிடந்தால் கை ஓய்ந்தவன் எடுத்துத் திருவுகிறான்.

அதற்குப் பிறகு இருபது, இருபத்தைந்து வருடம் இந்தப் பிரச்சினை உறங்கியது. காரணம், ஒற்றை மூளையே வருடா வருடம் வேகமாகிக்கொண்டு வந்தது. காத்திருந்தால் போதும், அடுத்த மாடல் வரும்.

நடுவில் 1996இல் ஒரு முக்கியமான கட்டுரை. எழுதியவர்கள் ஜெஃப்ரி மோகல் என்பவரும், கே.கே. ராமகிருஷ்ணன் என்பவரும். ராமகிருஷ்ணன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்து அமெரிக்காவின் மேரிலாந்தில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர். அவர்கள் சொன்னது இது. பாக்கெட் வரும்போதெல்லாம் கணினி கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி அதை வாங்கி வைக்கும். கூட்டம் குறைவாக இருக்கும்வரை சரி. ஓர் அளவுக்கு மேல் பாக்கெட் வந்தால் கணினி வாசலுக்கும் உள்ளுக்கும் ஓடுவதிலேயே பொழுது போய்விடும். வாங்கி வைத்த ஒன்றையும் முடித்து அனுப்பியிருக்காது. வருகை ஏற ஏற, வெளியே போவது குறைந்து குறைந்து கடைசியில் பூஜ்யம். இயந்திரம் நிற்கவில்லை, வியர்க்க வியர்க்க ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் வேலை நடக்கவில்லை. அட்மிஷன் நாளில் தலைமையாசிரியர் அறையைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு பெற்றோரும் கதவைத் தட்டுவார்கள், அவர் ஒவ்வொருவருக்கும் எழுந்து பதில் சொல்வார், மாலை வரை ஒரு விண்ணப்பத்திலும் கையெழுத்து விழுந்திருக்காது.

அவர்கள் சொன்ன தீர்வு எளிது. முதல் தட்டுக்குக் கதவைத் திற. உடனே அழைப்பு மணியை அணைத்துவிடு. இனி நீயே போய்ப் பார்த்து ஒரு தடவைக்கு இத்தனை என்று எண்ணி எடுத்துக்கொள், முடி, மறுபடி போய்ப் பார். கூட்டம் தீர்ந்தபின் மணியைப் போடு. எடுக்க முடியாததை வாசலிலேயே திருப்பி அனுப்பு, பாதி வேலை செய்தபின் குப்பையில் போடாதே. லினக்ஸ் இயங்குதளம் சில வருடத்தில் இதே யோசனையைத் தனக்குள் வாங்கிக்கொண்டது. நீங்கள் கையில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கும் அடியில் இருப்பது அந்த லினக்ஸ்தான்.

சரி, 2004க்கு வருவோம். ஒற்றை மூளையின் வேகம் சுவரில் முட்டியது. கடிகாரத் துடிப்பு 4 கிகாஹெர்ட்ஸை நெருங்கியபோது சூடு தாங்க முடியவில்லை. இன்டெல் தன் அடுத்த வேகச் சில்லின் திட்டத்தைக் கைவிட்டது. 2005இல் ஒரே சில்லில் இரண்டு மூளை வைத்து விற்க ஆரம்பித்தது. ஐ.பி.எம். 2001இலேயே செய்துவிட்டது. இனி காத்திருந்தால் வேகம் வராது, ஆட்கள்தான் கூடுவார்கள். நான்காவது பெஞ்சுக்காரனின் கேள்வி அப்போது உலகத்தின் கேள்வியாயிற்று.

ஆட்கள் கூடினால் என்ன தொல்லை? அவன் எனக்கு மூன்று சொன்னான்.

வரிசை கலைவது முதல் தொல்லை. ஒரே படத்தின் ஐந்தாம் துண்டை ஒரு கோரும் ஆறாம் துண்டை இன்னொரு கோரும் எடுத்தால், ஆறு முந்திக்கொண்டு போய்ச் சேரலாம். வாங்குகிறவன் "ஐந்து எங்கே, ஐந்து எங்கே" என்று கேட்பான். அனுப்புகிறவன், வழியில் எங்கோ நெரிசலில் தொலைந்துவிட்டது போலிருக்கிறது என்று எண்ணித் தன் வேகத்தையே குறைத்துவிடுவான். ஒன்றும் தொலையவில்லை, முந்திவிட்டது, அவ்வளவுதான். ஆள் கூட்டியதால் வேலை மெதுவாகிவிட்டது!

அடுத்தது பூட்டு. எல்லாக் கோரும் ஒரே வரிசையிலிருந்து எடுக்க வேண்டுமென்றால், ஒருவர் எடுக்கும்போது மற்றவர் கை வைக்கக் கூடாது. டவுனிலும் பாளையங்கோட்டையிலும் எத்தனை தெரு இருந்தால் என்ன, நடுவில் ஆற்றைத் தாண்ட 1843இல் திறந்த சுலோசன முதலியார் பாலம் ஒன்றுதான் என்றிருந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவை அகலப்படுத்தி என்ன செய்ய?

மூன்றாவதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு கோரும் தனக்கு வேண்டியதைத் தன் மேஜைமேல் நகல் எடுத்து வைத்துக்கொள்கிறது. நகல் ஒவ்வொரு எண்ணாக வருவதில்லை, 64 பைட் கொண்ட ஒரு பக்கமாக வருகிறது. அந்தப் பக்கத்தில் ஒரு கோர் எழுதினால் மற்றவர் மேஜையில் உள்ள நகல் செல்லாமல் போய்விடும், மறுபடி வாங்க வேண்டும். இரண்டு பேரும் வெவ்வேறு எண்ணைத்தான் திருத்துகிறார்கள், ஆனால் இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்துவிட்டால் பக்கம் இங்கும் அங்கும் பறந்துகொண்டே இருக்கும். ஒரே வருகைப் பதிவேட்டில் 9-அ, 9-ஆ இரண்டு வகுப்புக்கும் பெயர் எழுதி வைத்தால் என்ன ஆகும்? இரண்டு ஆசிரியரும் தாழ்வாரத்தில் ஓடிக்கொண்டே இருப்பார்கள். மருந்து, ஆளுக்கொரு பதிவேடு. மொத்தம் வேண்டுமென்றால் சாயங்காலம் தலைமையாசிரியர் கூட்டிக்கொள்ளட்டும். இன்றைக்கும் செய்வது அதைத்தான், கோருக்கு ஒரு கணக்கு.

எல்லோரும் படிக்கிற, எப்போதாவது மாறுகிற ஒன்று இருந்தால்? வழிப்பட்டியல் அப்படி. அதற்கு ஓர் அழகான வழி, பள்ளிக்கூடத்து டைம்டேபிள் மாதிரி. புதியதைத் தனியாக எழுதி, ஆணியில் மாட்டிவிடு. பழையதைப் படித்துக்கொண்டிருப்பவர் படித்து முடிக்கட்டும், யாரையும் தடுக்காதே. எல்லோரும் முடித்தார்கள் என்று தெரிந்தபின் பழையதைக் கிழி. அமெரிக்காவில் பால் மெக்கென்னி வளர்த்த இந்த முறையை 2002இல் லினக்ஸுக்குள் கொண்டுவந்ததில் பெங்களூரு ஐ.பி.எம்.மில் இருந்த தீபாங்கர் சர்மாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது வரிசைத் தொல்லைக்கு மருந்து. இதைக் கேட்டதும் நான் அவனை நிறுத்தச் சொல்லிவிட்டு, "இது நம்ம கால்வாய்லா!" என்றேன்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு என்பது உங்களுக்குத் தெரியும். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியது வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது, மற்ற ஏழும் அதற்கு முன்பே இருந்தவை. ஒவ்வொன்றிலிருந்தும் தனிக் கால். சுத்தமல்லியிலிருந்து நெல்லைக் கால்வாய், பழவூரிலிருந்து என் வீட்டுப் பக்கம் ஓடுகிற பாளையங்கால்வாய். எங்கள் வயலுக்குத் தண்ணீர் கன்னடியன் காலில் எங்கள் மடை வழியாகத்தான் வரும். காரானாலும் பிசானமானாலும் அதே மடைதான். இன்றைக்கு இந்த மடை, நாளைக்கு எது காலியோ அந்த மடை என்று திறந்தால் நீர்பாய்ச்சிக்கும் தெரியாது, வயல்காரனுக்கும் தெரியாது, மம்பட்டி தூக்குவதில்தான் முடியும்.

பாக்கெட்டுக்கும் அப்படியே செய்தார்கள். அனுப்புநர் விலாசம், பெறுநர் விலாசம், இரண்டு பக்கத்து வாசல் எண்கள், ஆக நான்கு எண். இந்த நான்கையும் கலந்து ஒரே எண்ணாக்கி, கோர்களின் எண்ணிக்கையால் வகுத்து மீதியைப் பார். எண் 4,327, கோர் 8 என்றால் மீதி 7. ஏழாம் கோரிடம் போ. (உண்மையில் நடப்பது இன்னும் கொஞ்சம் சுற்று வழி, நடுவில் ஒரு அட்டவணை உண்டு. அடிப்படை இதுதான்.) ஒரே உரையாடலின் எல்லாத் துண்டுக்கும் அந்த நான்கு எண்ணும் ஒன்றேயாதலால் மீதியும் ஒன்றே, கோரும் ஒன்றே. வரிசை கலையாது. பூட்டும் வேண்டாம், ஏனென்றால் கோருக்கு ஒரு வரிசை. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, கணக்கே சொல்லிவிடும். மீதியை வைத்து என்ன சார் செய்ய என்று என்னிடம் கேட்டவர்கள் நிறையப் பேர், அவர்களும் இதைக் கவனிக்கவும்.

இந்த வேலையை வலைப்பின்னல் அட்டையே செய்துகொடுக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. அட்டை செய்யாவிட்டால் மென்பொருளே செய்துகொள்ளும் வசதி 2010இல் லினக்ஸில் சேர்ந்தது, எழுதியவர் கூகுளில் இருந்த டாம் ஹெர்பர்ட். அதற்கு முந்தின வருடம் ரூட்பிரிக்ஸ் என்று ஓர் ஆராய்ச்சி. சாதாரணக் கணினி நான்கை இணைத்து நொடிக்கு 3,500 கோடி பிட் கடத்துகிற ரூட்டர் செய்து காட்டினார்கள். அவர்கள் வைத்த விதி இரண்டே இரண்டு. ஒரு வரிசையை ஒரு கோர்தான் தொட வேண்டும். ஒரு பாக்கெட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒரு கோர்தான் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டாவது விதியில் பெரிய வழக்கே இருந்திருக்கிறது. பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போன ஆசிரியர்களுக்கு இது நன்றாகவே புரியும். ஒரு கட்டை ஒருவரே முழுக்கத் திருத்துவதா, அல்லது இவர் ஒரு மதிப்பெண் பகுதி, அவர் வரைபடம் என்று கை மாற்றிக் கை மாற்றித் திருத்துவதா? இரண்டாவது கேட்க அழகாக இருக்கும். ஆனால் வரைபடம் பார்ப்பவர் மெதுவானவர் என்றால் எல்லோரும் அவர் முன்னால் காத்திருக்க வேண்டும். தாளைக் கை மாற்றுவதிலும் நேரம் போகும். 1999இல் வந்த இன்டெல்லின் ஐ.எக்ஸ்.பி. 1200 சில்லில் ஆறு சின்ன மூளை, ஒவ்வொன்றிலும் நான்கு இழை. அதை வைத்து இரண்டு விதமாகவும் செய்து பார்த்திருக்கிறார்கள். இன்று பொதுக் கணினிகளில் முழுக்கத் திருத்துகிற கட்சிதான் கை ஓங்கியிருக்கிறது.

அதிலும் ஒரு நுணுக்கம். நான் முகாமில் என்ன செய்வேன் தெரியுமா? கட்டில் உள்ள எல்லாத் தாளிலும் முதல் கேள்வியை மட்டும் திருத்துவேன், பிறகு எல்லாவற்றிலும் இரண்டாம் கேள்வி. விடைக்குறிப்பின் ஒரு பக்கம் மனத்தில் நிற்கும், திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டாம். சிஸ்கோ நிறுவனம் உருவாக்கி 2016இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட மென்பொருள் ஒன்று இதையேதான் செய்கிறது: பாக்கெட்டுகளை ஒரு கட்டாக எடுத்து, எல்லாவற்றுக்கும் முதல் வேலை, பிறகு எல்லாவற்றுக்கும் இரண்டாம் வேலை. இதைக் கேட்டதும் நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் என்று கேட்பீர்கள். கணக்குப் போடுவோம். நொடிக்கு 1,000 கோடி பிட் போகிற கம்பி. மிகச் சின்னப் பாக்கெட் 64 பைட், முன்னும் பின்னும் இடைவெளியோடு 84 பைட், அதாவது 672 பிட். ஒரு பாக்கெட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கிடைப்பது 67.2 நானோ நொடி. நொடிக்கு ஒரு கோடியே 48 லட்சம் பாக்கெட். அந்த 67 நானோ நொடியில் ஒளியே சுமார் 20 மீட்டர்தான் போகும், நம் வகுப்பறையைப் போல மூன்று வகுப்பறை. 3 கிகாஹெர்ட்ஸ் மூளைக்கு அது 200 துடிப்பு. மேஜைமேல் இல்லாத ஒன்றை நினைவகத்திலிருந்து எடுத்துவர ஒருமுறை போனாலே ஏறக்குறைய அந்த நேரம் முழுக்கப் போய்விடும். எடுத்து வருவதற்குள் அடுத்தவன் வாசலில் நிற்பான். அதனால்தான் கட்டாக எடுப்பது, முன்கூட்டியே எடுத்து வைப்பது, கை மாற்றாமல் இருப்பது.

இன்டெல்லில் வெங்கி வெங்கடேசன் என்று ஒருவர். இயங்குதளத்தின் வழியே போனால் நேரம் ஆகிறது, பாக்கெட்டை நேரே நிரலின் கைக்குக் கொடு, அழைப்பு மணியே வேண்டாம், ஒரு கோர் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கட்டும் என்று ஒரு மென்பொருள் தொகுதி உருவாக்கினார். 2010இல் வெளிவந்தது. டி.பி.டி.கே. என்று அதற்குப் பெயர். நாம் பேசுகிற பேச்சுகளில் நிறைய அதன் வழியாக ஓடுகின்றன. அவர் 2018இல் காலமானார். அந்த வருடம் மே மாதத்துப் பதிப்புக்கு அவர் பெயரையே வைத்தார்கள், வெங்கி என்று. இதில் எனக்கு ஒரு குறை: பாக்கெட் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கோர் முழு வேகத்தில் மின்சாரம் தின்றுகொண்டு நிற்கிறது. கூட்டமில்லாத ராத்திரியில் கடையைத் திறந்து அடுப்பை எரிய விடுவது மாதிரி. அவனிடம் சொன்னேன். "அதுக்கும் வேலை நடக்கு சார்" என்றான்.

கால்வாய் உவமையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒரே ஒரு உரையாடல் மிகப் பெரிதாக இருந்தால், ஒரு பெரிய ஆஸ்பத்திரி தன் பதிவுகள் முழுவதையும் ராத்திரியில் வேறு ஊருக்கு நகல் எடுக்கிறது என்று வையுங்கள், அது மொத்தமும் ஒரே கோரிடம் போய்விடும். மற்ற 63 பேர் வேடிக்கை பார்ப்பார்கள், அந்த ஒருவன் மூழ்குவான். பிரித்துக் கொடுத்தால் வரிசை கலையும். இப்போது அவன் தலையை உடைத்துக்கொள்வது இதில்தான். "அந்த ஒரு கிணத்துக்குள்ள இன்னொரு ஆள எப்படி சார் எறக்குறது?" என்றான்.

இனி என் கடன். ஜீன் ஆம்டால் என்பவர் 1967இலேயே இதற்கு ஒரு கணக்குப் போட்டுவிட்டார். வேலையில் ஒரு பகுதியைப் பங்கிடவே முடியாது, ஒருவர்தான் செய்ய வேண்டும் என்றால், அந்தப் பகுதி நூற்றில் 5 என்று வையுங்கள், எத்தனை ஆள் வந்தாலும் வேகம் 20 மடங்குக்கு மேல் போகாது. 64 பேர் வந்தால்? பங்கிட முடிகிற 95ஐ 64ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஒன்றரை. அதோடு 5, ஆக ஆறரை. நூற்றை ஆறரையால் வகுத்தால் 15 மடங்கு. 64 பேருக்குக் கூலி, 15 பேர் வேலை. 38,400 பேர் வந்தாலும் 20ஐத் தொட முடியாது. நான் 1977இலிருந்து 34 வருடம் கரும்பலகையில் எழுதிய கணக்கில், அந்த 5 பூஜ்யம் என்று சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். கிணற்றின் அகலத்தை நான் எந்தக் கணக்கிலும் கொடுத்ததில்லை.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். 1993இல் நீ கேட்டது சரியான கேள்வி. நான் அடித்தது தவறு. அந்த வகுப்பில் இருந்த மற்றவர்களும் இங்கே இருக்கிறீர்கள், அதனால்தான் தனியாகச் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன். நீங்கள் சிரித்ததும் என்னைப் பார்த்துத்தான்.

மேலே தொழில்நுட்பத்தில் பிழை இருந்தால் அவனே கீழே வந்து திருத்துவான். உன் மகளிடம், தாத்தா அன்றைக்கு அடுக்களையில் காப்பி போடவில்லை என்று சொல்லிவிடு. அடுத்த முறை வரும்போது அவளுக்கு அந்தக் கணக்கை நானே சொல்லித் தருகிறேன், கிணற்றின் அகலத்தோடு.